கடிபட்டவர் பேசுவார்

நாய் கடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஊருக்குச் சொல்லித்தர நடந்த கூட்டத்தில்தான் கண்டக்டரை நாய் கடித்தது.

அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊருக்கு அவர் கண்டக்டர்தான். சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர் பெண்டாட்டி, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் கடல் தாண்டி இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். "சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? சரிப்பா, மீட்டிங் இருக்கு, வெச்சிடறேன்" என்பான். அதற்குள் கண்டக்டர் இரண்டு 'ம்' போட்டிருப்பார். பஸ்ஸில் இருந்த காலத்தில் தொண்டை கட்டக் கட்டப் பேசிய மனுஷன். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில என்ன தொங்கல்?" என்று ஊர் உலகத்தையே அதட்டியவர். இப்போது வாயைத் திறப்பது சாப்பாட்டுக்கும் கொட்டாவிக்கும்தான்.

பேச்சுத்துணை என்று இருந்தது ஒரு தெருநாய். சாயங்காலமானால் கேட்டுக்குக் கீழே நுழைந்து, தட்டில் வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, அவர் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். டிக்கெட் வாங்காமல் ஏறிய பேர்வழி என்பதால் அதற்கு 'வித்தவுட்' என்று பெயர் வைத்திருந்தார்.

இப்படி இருக்கையில்தான் ஊருக்கு ஜீப் வந்தது. மனித விலங்குப் பொதுநோய்த் தடுப்பு விழிப்புணர்வு இயக்ககத்தின் ஜீப். இந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்பவருக்குத்தான் அங்கே பதவி உயர்வு என்று பேச்சு. நாமும் மனுஷர்கள்தானே, இயக்ககம் என்றே வைத்துக்கொள்வோம்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. மேடையில் கட்டில் அளவுக்கு ஒரு சோப்பு, தெர்மாகோலில் செய்து பச்சை வண்ணம் அடித்தது. அதற்குப் பக்கத்தில் நாய். நாய் என்றால் நாய் உடுப்புக்குள் ஓர் ஆள். உயிருள்ள விலங்கை மேடையேற்றக் கூடாது என்பது இயக்ககத்தின் விதி. ஆகவே கணக்குப் பிரிவு குமாஸ்தா ஒருவருக்கு அந்த உடுப்பை மாட்டிவிட்டிருந்தார்கள். எலிக்காய்ச்சல் வாரம் வந்தால் இதே உடுப்புக்கு வாலை மட்டும் மாற்றுவார்களாம்.

துணை இயக்குநர் உறுதிமொழி வாசித்தார். எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு, விலங்குகளின் எச்சிலைத் தொடமாட்டோம் என்றார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பால்காரர் மட்டும், "அப்ப நாளைக்குக் காலையில கன்னுக்குட்டிய மடியில யாருங்க விடுறது?" என்று கேட்டார். கேள்வி நேரம் கடைசியில் என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

அடுத்து, கடிபட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவவேண்டும் என்று சொல்லிவிட்டு, கைகழுவும் செயல்விளக்கம். தண்ணீர் வராத ஊர்களும் இருப்பதால், எல்லா ஊருக்கும் பொதுவாக, தண்ணீர் இல்லாமலேயே செய்து காட்டினார்கள். ஜனங்களும் வெறுங்கையைக் காற்றில் பிசைந்து கழுவி, காற்றிலேயே உதறிக்கொண்டார்கள். கண்டக்டருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் வேட்டியில் துடைத்துக்கொள்ளவும் செய்தார்.

பிறகு குமாஸ்தா மைக் முன்னால் வந்து குரைத்தார். நல்ல குரல். இத்தனை நாள் கணக்குப் புத்தகத்துக்குள் அடைந்து கிடந்த ஆத்திரமெல்லாம் ஒலிபெருக்கி வழியாக வெளியே வந்தது. ஜனங்கள் சிரிக்க, உற்சாகம் பிறந்து மேடையிலிருந்து கூட்டத்துக்குள் ஒரே தாவாகத் தாவினார். கண்டக்டரின் நாற்காலிக்கு அடியில் வித்தவுட் படுத்திருந்தது. இவ்வளவு பெரிய நாயை அது ஜென்மத்தில் பார்த்ததில்லை. பயந்து போய்க் கிளம்பி ஓடப் பார்த்தது. குறுக்கே கண்டக்டரின் கால் இருந்தது. வலது கெண்டைக்காலில் ஒரு கடி கடித்துவிட்டு, வாய்க்கால் கரையைத் தாண்டி ஓடியே போய்விட்டது.

"ஐயோ! சார், நாய் கடிச்சிடுச்சு!" என்று அலறினார் கண்டக்டர்.

துணை இயக்குநர் திரும்பிப் பார்த்தார். "நிஜமாவா?" என்று கேட்டபோது அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. "நம்ம கூட்டத்துலயே! கேமராவைக் கூப்பிடுங்க. பெரியவரே, ரத்தத்தைத் துடைச்சிடாதீங்க."

"சோப்பு போட்டுக் கழுவணும்னு இப்பதானேங்க சொன்னீங்க?"

"கரெக்ட். நல்லா கவனிச்சிருக்கீங்க. சோப்பு அதோ இருக்கு, பக்கத்துல போய் நில்லுங்க."

கண்டக்டர் நொண்டிக்கொண்டே போய்த் தெர்மாகோல் சோப்பின் பக்கத்தில் நின்றார். படம் எடுத்தார்கள். உட்கார வைத்து எடுத்தார்கள். குமாஸ்தாவின் தலையை அவர் காலருகே வைத்து ஒன்று எடுத்தார்கள்.

"ஊசி போடணும்ல சார்?"

"கண்டிப்பா போடணும். ஆனா பாருங்க, ஊசிங்கிறது சிகிச்சை. நாங்க விழிப்புணர்வு. ரெண்டும் வேற வேற கட்டடம்."

அந்த நேரத்தில், படத்துக்குக் கீழே எழுதுவதற்காகக் கள அலுவலரான ஒரு மேடம் கையில் பேனாவோடு குனிந்து, "ரொம்ப வலிக்குதாங்கய்யா?" என்று கேட்டார்.

கண்டக்டருக்கு என்னவோ போலாகிவிட்டது. அவரை யாரும் அப்படிக் கேட்டு எவ்வளவு காலமாகிறது என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. "அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்ல வாயெடுத்தவர், "வலிக்குதும்மா" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து, சொந்தச் சோப்பை எடுத்து, குழாயடியில் உட்கார்ந்து அவரே காலைக் கழுவிக்கொண்டார். சாயங்காலம் தட்டில் சோறு வைத்தார். வித்தவுட் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் ஜீப். நிகழ்ச்சிநிரலில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'கடிபட்டவர் பேசுவார்.'

மேடம் அவருக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தார். 'நான் அலட்சியமாக இருந்தேன். நாய் என்னைக் கடித்தது. உங்களைக் கடித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். உடனே ஓடுங்கள். ஊசி போடுங்கள். தாமதித்தால் தண்ணீரைக் கண்டாலே பயம் வரும். அதற்குப் பிறகு பிழைக்க வழியில்லை.'

"நான் அலட்சியமா இல்லையேம்மா. கூட்டத்துக்குத்தானே வந்தேன்."

"அது பேச்சுக்குத்தாங்கய்யா. அலட்சியம் இருந்தாத்தான் விழிப்புணர்வு எடுபடும்."

அன்று காலை ஒரு ஊர், சாயங்காலம் இன்னொரு ஊர். கண்டக்டர் பேசினார். அடேயப்பா, என்ன பேச்சு! பஸ் முழுக்கக் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை, மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போயிற்று. பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். கிழவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கப்பா" என்றார். ஜீப்பில் திரும்பும்போது கண்டக்டர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

பக்கத்தில் குமாஸ்தா, நாய்த் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னாலதானே சார் உங்களுக்கு இந்தக் கடி. மனசே சரியில்ல. வேலைக்குச் சேரும்போது பட்டப்படிப்பு கேட்டாங்க. குரைக்கத் தெரியுமான்னு கேக்கலை" என்றார்.

"ஊசி போட எப்ப சார் கூட்டிட்டுப் போவாங்க?"

"எனக்கே உடுப்புக்குள்ள வியர்த்துச் சொறி வந்திருக்கு. மருந்து வாங்க லீவு தர மாட்டேங்கறாங்க. நாய்க்குப் பதில் ஆள் இல்லையாம்."

கண்டக்டர் ஒரு நாள் துணை இயக்குநரையே நேரில் கேட்டுவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகத்தான் விளக்கினார்.

"பெரியவரே, நல்லா யோசிங்க. இப்ப நீங்க கடிபட்டவர். ஊசி போட்டுட்டா நீங்க குணமானவர். குணமானவரைப் பார்த்து யாரு பயப்படுவா? பயம் போச்சுன்னா விழிப்புணர்வு போச்சு. விழிப்புணர்வு போச்சுன்னா இயக்ககம் எதுக்குன்னு மேலிடத்துல கேப்பாங்க. ஒரு ஊசியால எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் பாருங்க. நோயை ஒழிக்கணும்தான், நான் இல்லைங்கல. ஆனா ஒரு முறைப்படி ஒழிக்கணும். அவசரப்பட்டு ஒழிச்சிடக் கூடாது."

கண்டக்டர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அவரே போய்ப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, காலிலா விலங்கு மாட்டியிருந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜீப் விடியலில் ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகுதான் இறக்கிவிட்டது. சுகாதார நிலையத்தை அதற்குள் பூட்டிவிடுவார்கள். இது அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உள்ளபடி சொன்னால், காலையில் வாசலில் ஹாரன் அடித்தது. அவருக்காக ஒரு வண்டி நின்றது. அதில் ஏறினால் "நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்க இரண்டு பேர் இருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டால் அந்த ஹாரன் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். தனியாகக் கிடந்து பழகாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

ஆனால் பயம் இல்லாமல் இல்லை. தான் மேடையில் சொல்லும் பேச்சை ஊரில் எல்லோரையும்விட அதிகம் கேட்டவர் அவர்தானே. காலையில் எழுந்ததும் சொம்பில் தண்ணீர் மொண்டு வைத்து, எதிரில் உட்கார்ந்து அதையே பார்ப்பார். பயம் வருகிறதா? வரவில்லை. ஒரு வாய் குடிப்பார். தொண்டையில் இறங்குகிறதா? இறங்குகிறது. அப்பாடா என்று எழுந்து சட்டை மாட்டுவார். வாசலில் ஹாரன் அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தான்.

"என்னை நாய் கடிச்சிடுச்சுப்பா."

"அச்சச்சோ. ஊசி போட்டீங்கல்ல?"

"அது வந்து..."

"போட்டுடுங்கப்பா. சரி, இங்க குழந்தை அழுது, வெச்சிடறேன்."

போனைக் கீழே வைத்துவிட்டு, வாசல்படியில் நேற்று வைத்த சோற்றை எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வித்தவுட் எங்கே போயிற்றோ. எந்த ஊர்த் தெருவில் கல்லடி படுகிறதோ. கடித்தது அதுதான், ஆனால் அதன்மேல் அவருக்கு வருத்தமே வரவில்லை. தன்னைத் தேடி வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதானே.

இதற்கிடையில் கடி ஆறத் தொடங்கியது. இயக்ககத்துக்கு இது பெரிய தலைவலியாகிவிட்டது. மேடம் சிவப்புச் சாயமும் சின்னத் தூரிகையும் கொண்டுவந்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் காயத்தைப் புதுப்பித்தார். பின்வரிசைக்குக் கால் தெரியவில்லை என்று புகார் வந்ததும், கட்டு முழங்காலுக்கு ஏறியது. மேடையில் மேஜை போட்டார்கள், முழங்காலும் மறைந்தது; கட்டு முழங்கைக்கு வந்தது. புகைப்படத்தில் முகமும் காயமும் சேர்ந்து வரவேண்டும் என்று மேலிடத்தில் ஆசைப்பட்டபோது, நாய் அவரைக் கழுத்தில் கடித்திருந்தது.

"கழுத்தைக் கடிக்கிற அளவுக்கு நாய் எப்படி எம்புச்சுன்னு கேட்டா?" என்றார் கண்டக்டர்.

"நீங்க படுத்திருந்தீங்கன்னு சொல்லிக்கலாங்கய்யா" என்றார் மேடம், தூரிகையைக் கழுவிக்கொண்டே.

கடைசியில் பெரிய கூட்டம் வந்தது. தலைமை இயக்குநரே வருகிறார் என்று பெரிய ஊரில் மண்டபம் பிடித்திருந்தார்கள். நாற்காலி காலியாகத் தெரிந்தால் மானம் போய்விடும் என்பதால், சுற்றுவட்டாரத்துச் சுகாதார நிலையங்களிலிருந்து டாக்டர், நர்ஸ், மருந்து கொடுப்பவர், கூட்டுகிறவர் என்று எல்லோரையும் வண்டியில் அள்ளிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள்.

தலைமை இயக்குநர் பேசினார். "நம் இயக்ககம் தொடங்கிய நாளிலிருந்து விழிப்புணர்வு வளர்ந்துகொண்டே வருகிறது. நோயும் அதற்கு ஈடு கொடுத்து வளர்ந்துகொண்டே வருகிறது. இது நம் இருவருக்கும் கிடைத்த வெற்றி." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நாய் உடுப்புக்குள்ளிருந்தும் இரண்டு பாதங்கள் தட்டின.

பிறகு கடிபட்டவர் பேசினார். "ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க! உடனே ஓடுங்க! ஊசி போடுங்க!" மண்டபம் அதிர்ந்தது. மூலையிலிருந்த ஒலிபெருக்கி அவர் சொன்னதையே கொஞ்சம் தாமதமாக அவரிடம் திருப்பிச் சொன்னது.

கேள்வி நேரம். கேட்கவேண்டிய கேள்விகளை ஏற்கெனவே ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவை முடிந்தபின், பட்டியலில் இல்லாத ஒரு கை உயர்ந்தது. நடுத்தர வயது நர்ஸ் ஒருவர். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்ற அவசரம் குரலில் இருந்தது.

"பெரியவருக்கு எந்த இடத்துல ஊசி போட்டாங்க? இந்தச் சுத்துவட்டாரத்துக்கே நாய்க்கடி ஊசி எங்க நிலையத்துலதான், நீங்க வந்த மாதிரி ஞாபகம் இல்லையே?"

மண்டபம் அவரைப் பார்த்தது. மேடம் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ ஜாடை காட்டினார். கண்டக்டர் ஒரு காலத்தில் எத்தனையோ பேரிடம் டிக்கெட் எங்கே என்று கேட்டிருக்கிறார். பையைத் துழாவுவதுபோல் பாசாங்கு செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். இன்றைக்கு அவரிடமே ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"இன்னும் போடலைம்மா."

துணை இயக்குநர் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "பெரியவர் நகைச்சுவையா பேசுவார்!"

"இல்ல சார். போடலை. எனக்குப் பயமா இருக்கு." கண்டக்டர் கழுத்திலிருந்த கட்டை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். பிறகு, பஸ்ஸை நிறுத்த வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை தானாக வாயில் வந்தது. "ஹோல்டான்!"

ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிற லாவகத்தோடு மேடையிலிருந்து இறங்கி, நடுவழியில் ஓடி, வாசலைத் தாண்டிப் போய்விட்டார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு தத்ரூபமான செயல்விளக்கத்தை இதுவரை பார்த்ததில்லை என்று தலைமை இயக்குநர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

சுகாதார நிலையம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மூச்சு வாங்க வாங்கப் போய்ச் சேர்ந்தார். கதவு பூட்டியிருந்தது. பூட்டுக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது: 'பணியாளர் அனைவரும் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் சென்றுள்ளனர்.'

கண்டக்டர் படியில் உட்கார்ந்தார். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மண்டபத்துக் கைதட்டல் இன்னும் ஓயாமல் அங்கிருந்து கேட்டது. இவ்வளவு பேர் தனக்காகக் கை தட்டுகிறார்கள், பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இல்லையே என்று நினைத்தார். செத்துப்போனால் மகனுக்கு யார் போன் செய்வார்கள் என்று யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை வரும்வரை அவனுக்குத் தெரியாமலே இருக்கும். அழுகை வந்தது. பார்க்க யாரும் இல்லை என்பதால் நன்றாகவே அழுதார்.

"நீங்க பாட்டுக்கு முன்னால ஓடினா எப்படி? சாவி என்கிட்டதானே இருக்கு!"

நர்ஸ். ஒரு கையில் செருப்பு, மறு கையில் சாவிக்கொத்து. மண்டபத்தில் அது நடிப்பில்லை என்று புரிந்துகொண்டு எழுந்து வந்த ஒரே ஆள்.

உள்ளே உட்கார வைத்தார். காயத்தைப் பார்த்தார். கழுத்தில் ஒன்றுமே இல்லாததைக் கண்டு, கண்டக்டர் தூக்கிக் காட்டிய கெண்டைக்காலைப் பார்த்தார். காலை மறுபடி சோப்பு போட்டுக் கழுவினார், நிஜச் சோப்பு. ஊசி போட்டார்.

"கொஞ்ச நேரம் உக்காருங்க. கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லைங்க சிஸ்டர்."

"வீட்ல?"

"வீட்லயும்."

நர்ஸ் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திட்ட ஆரம்பித்தார். "அறிவிருக்கா உங்களுக்கு? உயிர் என்ன விளையாட்டுச் சாமானா? கடிச்ச அன்னைக்கே வரவேண்டாமா? இத்தனை நாள் ஊரூராப் போய் என்ன பெருமை வேண்டிக் கிடக்கு?"

கண்டக்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெண்டாட்டி போன பிறகு அவரை யாரும் திட்டியதில்லை.

"வலிக்குதான்னு கேட்டாங்க சிஸ்டர்" என்றார். "அதான் போயிட்டேன்."

நர்ஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "நாய் இப்ப எங்க?" என்று கேட்டார்.

"அன்னைக்கு ஓடினதுதான். காணோம்."

"வந்துதுன்னா கிட்ட போகாதீங்க, தள்ளி நின்னே பாருங்க. நல்லா இருந்தா மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுட்டுப் போய் அதுக்கும் ஊசி போடுங்க. நீங்க இன்னும் சில தடவை வரணும். சொன்ன தேதிக்கு வரலைன்னா நானே வந்து நிப்பேன், ஆமா."

கண்டக்டர் சொன்ன தேதிக்குச் சொன்னபடி போனார். வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனார். கடைசி ஊசியன்று நர்ஸ் சிரித்தபடி, "முடிஞ்சுது. நல்லா இருக்கீங்க. இனிமே நீங்க வரவேண்டாம்" என்றார். சந்தோஷமான செய்திதான். கண்டக்டர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வாசலில் செருப்பை மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

ஜீப் அவர் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டது. குணமானவரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? குமாஸ்தாவை நாய் உடுப்பிலிருந்து விடுவித்துக் கடிபட்டவராக உயர்த்திவிட்டார்களாம். மேடையிலிருந்து இறங்கி ஓடுவதும் நிகழ்ச்சிநிரலில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. குமாஸ்தா வாசல்வரை ஓடிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று பால்காரர் சொன்னார்.

கண்டக்டர் பழையபடி வாசலில் உட்கார்ந்தார். பழையபடி தட்டில் சோறு வைத்தார். ஒரு சாயங்காலம் கேட்டுக்குக் கீழே ஒரு மூக்கு தெரிந்தது.

இளைத்து, ஒரு காதில் புண்ணோடு, வாலைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டு வித்தவுட் நின்றது. கண்டக்டருக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கற்றுக்கொண்ட பாடம் தடுத்தது. தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் ஒரு குச்சியால் அதன் பக்கம் தள்ளிவிட்டார்.

"அங்கயே நில்லு. நான் இங்கருந்தே பேசறேன். எங்கடா போயிருந்த இத்தனை நாள்?"

அது ஒரு வாய் தின்றது, அவரைப் பார்த்தது, மறுபடி ஒரு வாய் தின்றது. தட்டை நக்கி முடித்துவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரைச் சளப்சளப்பென்று குடித்தது. கண்டக்டர் அதையும் கவனமாகப் பார்த்துக்கொண்டார். அவர் இருட்டும்வரை பேசினார். ஜீப்பைப் பற்றி, சோப்பைப் பற்றி, நாய் உடுப்புக்காரரைப் பற்றி எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

காலையில் நீளக் கயிறு ஒன்றைச் சுருக்குப் போட்டு, தள்ளி நின்றே அதன் கழுத்தில் மாட்டி, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தார். வாசல் திண்டில் ஆடு மாடுகளோடு வந்த ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை நகர்ந்தது. உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"அடுத்து அந்த நாயா? அது கூட யாரு வந்திருக்கா?"

கண்டக்டர் எழுந்து நின்றார். கடைசி வரிசை வரை கேட்கும் பழைய குரலில், "நான் வந்திருக்கேன்" என்றார்.